பதினெட்டுப் போத்தல்கள்

பேராசிரியர் புஸ்பராணிக்கு எதிராகச் சாட்சி சொன்னது அவர் தன் கையால் கட்டிய இயந்திரம்தான்.

“கொழும்பு ஆய்வுகூடம் மட்டும் பிழையாச் சொல்லியிருந்தா நான் சண்டை பிடிச்சிருப்பன்,” என்றார் அவர். “ஆனா இதுவும் அதையேதான் சொல்லுது. போன வருசம் இந்த ஆக்களின்ர உடம்பில ஈயம் இருக்கெண்டு சொன்ன அதே மெசின், இந்த வருசம் அதே ஆக்களில துளியும் இல்லையெண்டு சொல்லுது. ரெண்டில ஒண்டு பொய். எது பொய்யெண்டு எனக்கே தெரியேல்ல.”

பாக்கியரத்தினம் பதில் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் சுங்கத்தில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஒருவர் பேசாமல் இருந்தால் எதிரில் இருப்பவர் கூடுதலாகப் பேசுவார் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார். ஓய்வுபெற்றபின் ஏகாம்பரம் வீதியில் ஒரு மாடி அறையை எடுத்து, ‘தனியார் விசாரணை’ என்று பலகை தொங்கவிட்டு மூன்று வருடமாகிறது. அவருடைய உதவியாளர் அபூதாஹிர், கிண்ணியாத் துறையில் பன்னிரண்டு வருடம் டிக்கட் கிழித்தவர். வயது நாற்பது. வாய்க்கு மட்டும் இருபது.

1975 செப்டெம்பர் மாதம். நோன்பு தொடங்கிப் பதினேழு நாள் கழிந்திருந்தது. உட்துறைமுக வீதியில் பேராசிரியர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் பின்னறையில் காலை பத்து மணிக்கே தகரக்கூரை கொதித்தது. யன்னலுக்கு வெளியே துறைமுகத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதற்கப்பால், கப்பல் திருத்தும் பட்டறையிலிருந்து துரு தட்டும் சுத்தியல் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது.

“கடிதத்தைத் தாருங்கோ,” என்றார் பாக்கியரத்தினம்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதம். பட்டறைக்காரரின் வக்கீல் முறைப்பாடு செய்திருந்தார்: பேராசிரியர் போன வருடம் வெளியிட்ட கட்டுரை கட்டுக்கதை, பட்டறையின் பெயரைக் கெடுப்பதற்கு எழுதியது. அதனால் அதே தொழிலாளரை மீண்டும் சோதிக்கும்படி பல்கலைக்கழகம் சொன்னது. பதினெட்டுப் பேரின் சிறுநீர். ஒவ்வொரு போத்தலிலும் பாதி கொழும்புக்கு, பாதி பேராசிரியருக்கு. இரண்டு இடத்திலும் ஈயம் இல்லை. வருகிற திங்கட்கிழமை விசாரணை.

“விசாரணையில தோத்தா?”

“கட்டுரையைத் திருப்பி எடுக்கோணும். ஆய்வுகூடத்தைப் பூட்டுவாங்கள்.” அவர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். “சாம்பல்தீவில இருந்து கொழும்புக்குப் படிக்கப் போன முதல் பொம்பிளைப் பிள்ளை நான். லண்டனில பாதரசத் துளியால தண்ணியைச் சோதிச்சு மூண்டு வருசம். திரும்பி வந்து பத்தொன்பது வருசம். ஒரு கம்பியைத் தண்ணிக்குள்ள வைச்சு மின்சாரம் விட்டா, அந்தத் தண்ணிக்குள்ள என்ன இருக்கெண்டு அது சொல்லும். அதுதான் என்ர படிப்பு முழுக்க. ஒன்பது வருசமா ரத்தத்தில சீனி பாக்கிற கம்பி ஒண்டு செய்துகொண்டிருந்தனான். பிறகு ஒருநாள் இஞ்ச ஆஸ்பத்திரி வாசலில ஒராளைக் கண்டன். சட்டைப் பொத்தான் பூட்ட ஏலாமல் மனிசியிட்ட நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிண்டார். கப்பல் சுரண்டுறவராம். பழைய சிவப்புப் பூச்சு முழுக்க ஈயம். அதைச் சுரண்டுற தூசுதான் அவங்கட மூச்சு. அண்டைக்கே சீனியை ஒதுக்கி வைச்சிட்டு ஈயத்துக்கு மாறினனான்.”

“ஆரையாவது சந்தேகமோ?”

“பட்டறையை. போத்தலை நிரப்பின பிறகு ஒரு ராத்திரி பெட்டி அங்க நேரக்காப்பாளர் யோகலிங்கத்தின்ர அறையில இருந்தது. அடுத்த நாள் காலமைதான் இஞ்ச வந்தது. மாத்தினா அங்கதான் மாத்தியிருக்கோணும்.”

ஒரு தட்டில் பால் விடாத பிளேன்ரீ வந்தது. கொண்டுவந்தவர் தம்பிராசா, ஆய்வுகூட ஊழியர். பேராசிரியர் உதவி விரிவுரையாளராக இருந்த நாளிலிருந்து அவரோடு இருப்பவர். ஐம்பது தாண்டியிருக்கும். அளவெடுத்துத் தைத்த காக்கிச் சட்டை இப்போது தோளிலிருந்து வழிந்து தொங்கியது. அபூதாஹிர் கையை உயர்த்தி மறுத்தார்.

“நோன்பு அண்ணன். மணந்து பாத்தாலே எனக்குப் பாதிப் பாவம்.”

தம்பிராசா சிரிக்க முயன்று, தட்டை வைத்துவிட்டுப் போனார்.

அபூதாஹிர் அறையைச் சுற்றி வந்து மூலையில் நின்றார். அங்கே ஒரு பலகையில் இரண்டு மரப்பெட்டிகள் அருகருகே இருந்தன. ஒன்றில் போன வருடப் போத்தல்களின் மீதி, மற்றதில் இந்த வருடத்து மீதி.

“சேர், இந்த மாசத்தில என்னைத் தவிர எல்லாரும் சாப்பிடுறாங்க,” என்றார். “இங்க பாருங்க, எறும்பும்.”

“அது ரெண்டு கிழமையாத் தொல்லை,” என்றார் பேராசிரியர். “மண்ணெண்ணெய் பூசியும் போகுதில்லை.”

பாக்கியரத்தினம் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். சுவரிலிருந்து இறங்கிய எறும்பு வரிசை போன வருடப் பெட்டியைத் தொடாமல் கடந்து, இந்த வருடப் பெட்டிக்குள் போனது. அங்கே பதினெட்டுப் போத்தலின் தக்கைகளிலும் கறுப்பாக மொய்த்திருந்தது.

“ஒரே பலகை,” என்றார் மெதுவாக. “ஒரே தக்கை, ஒரே போத்தல். எறும்புக்கு வருசக் கணக்குத் தெரியுமோ, தாஹிர்?”

“படிச்ச எறும்பு சேர். புரொபசர்ட வீட்டில வளந்தது.”

பாக்கியரத்தினம் சிரிக்கவில்லை. பேராசிரியரின் பதிவுக் கொப்பியை வாங்கினார். ஒவ்வொரு போத்தலுக்கும் எதிரே நாள், எண், அளவு, நிறம். நிறம் என்ற நிரலில் பதினெட்டுத் தடவை ஒரே சொல் இருந்தது: தண்ணீர்போல். கொப்பியை மூடி வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்தார்.

“யோகலிங்கத்தைப் பாத்திட்டு வாறம்.”

மொறிஸ் மைனர் காரில் ஏறியதும் அபூதாஹிர் கேட்டார், “எறும்பு என்ன சேர் சொல்லிச்சு?”

“சுங்கத்தில இருக்கேக்க எங்களோட ஒரு கிழவர் வேலை செய்தவர். அவர் போய்வந்த கக்கூசில மட்டும் எறும்பு மொய்க்கும். ஆறு மாசத்தில செத்துப்போனார். சீனி வருத்தம். சலரோகம் முத்தினா சீனி சிறுநீரோட வெளியில போகும்.”

“அப்ப பதினெட்டுப் பேருக்கும் சீனி வருத்தமா?”

“ஒரு பட்டறையில பதினெட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில வாறதுக்கு அது தொத்துற தடிமனே?”

“ஒராள்ட சிறுநீர், பதினெட்டுப் போத்தல். யா அல்லாஹ், அந்த மனிசனுக்குப் பதக்கம் குடுக்கணும்.”

“பதக்கத்துக்கு முதல் டொக்டர் வேணும். இது எவ்வளவு முத்தியிருக்கெண்டு அந்த மனிசனுக்கே தெரியாமல் இருக்கலாம்.”

பட்டறை வாசலில் வெயில் கண்ணைக் குத்தியது. உள்ளே கரைக்கு இழுக்கப்பட்ட ஒரு பழைய கப்பலின் வயிற்றில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். முகத்தில் துணி கட்டியவர்கள் சிலர், கட்டாதவர்கள் பலர். சிவப்புத் தூசு புகைபோல் இறங்கி எல்லோர் தலையிலும் படிந்தது.

யோகலிங்கம் மெலிந்த மனிதர். மேசையில் வருகைப் பதிவேடு, பக்கத்தில் மாத்திரைப் போத்தல் ஒன்று. பியோன் கொண்டுவந்த தேநீரை ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“எனக்குச் சீனி போடாதையெண்டு எத்தனை தரம் சொல்லுறது.”

அபூதாஹிரின் முழங்கை பாக்கியரத்தினத்தின் விலாவில் இடித்தது. பாக்கியரத்தினம் கண்டுகொள்ளவில்லை.

“சலரோகமோ?” என்று அனுதாபமாகக் கேட்டார்.

“ஏழு வருசம். மாத்திரையில ஓடுது.”

“இந்த மாசம் ஒன்பதாம் திகதி பெட்டியொண்டு உங்கட அறையில இருந்ததாம்.”

“ஓம், இருந்தது. அந்தா, அந்த அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினனான். திறப்பு என்ர இடுப்பில.” அவர் குரல் உயர்ந்தது. “நான் ஒண்டும் தொடேல்ல. எனக்கென்ன தேவை? மனேஜருக்கு வேண்டியது அந்த மிஸ் தோக்கிறது எண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனா அதுக்காக மற்றவன்ர மூத்திரத்தோட மினக்கெட நான் ஆயத்தமில்லை.”

“பெட்டி எப்ப வந்தது?”

“காலமை ஏழரைக்கு. தம்பிராசா அண்ணை கொண்டுவந்தவர். பின்னேரம் ஆக்கள் நிரப்பிக் குடுத்ததெண்டு சொல்லி என்னட்டத் தந்திட்டுப் போனவர். அடுத்த நாள் வந்து எடுத்தவர்.”

“காலமை வெறும் போத்தலோட வந்தவரோ?”

“ஓம். பாவம், கேற்றடியில இறக்கவே கஷ்டப்பட்டவர். எங்கட காவல்காரனும் அவருமாத்தான் ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தூக்கி வந்தது.”

பாக்கியரத்தினம் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். வெளியே வந்ததும் அபூதாஹிர் படபடத்தார்.

“ஆள் இவர்தான் சேர். சீனி வருத்தம், திறப்பு இடுப்பில, ராத்திரி முழுக்கப் பெட்டி கையில. வேற என்ன வேணும்?”

“பொறும். முதல் ஒரு தொழிலாளியோட கதைச்சுப் பாரும். உம்மட ஊராக்கள் ஆரும் இருப்பாங்கள்.”

தண்ணீர்த் தொட்டியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ஒருவரை அபூதாஹிருக்குத் தெரிந்திருந்தது. ஸஹாப்தீன், கிண்ணியா ஆள். வாய்க்குள் தண்ணீர் போய்விடாதபடி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கழுவினார்.

“ஸஹாப்தீன் நானா, புரொபசருக்குப் போத்தல் நிரப்பிக் குடுத்தீங்களா?”

“குடுத்தம்,” என்றார் அவர் உடனே. முன்பே தயாராக வைத்திருந்த பதில்போல் இருந்தது. “பதினெட்டுப் பேரும் குடுத்தம்.”

“எத்தனை மணிக்கு?”

“பின்னேரம். வேலை முடிய. நாலு மணி இரிக்கும்.”

“நோன்போட?”

“பின்ன? நோன்பு புடிக்காத நாளா?”

அபூதாஹிரின் முகத்தில் இருந்த விளையாட்டு மெல்ல வடிந்தது. சலாம் சொல்லிவிட்டுப் பாக்கியரத்தினத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்கு வந்தார்.

“சேர், அந்தக் கொப்பியில நிறம் என்ன எழுதியிருந்திச்சு?”

“தண்ணிபோல்.”

“நான் நிழலில குந்திக்கொண்டு நோன்பு புடிக்கிற ஆள். நாலு மணிக்கு என்டது தேத்தண்ணி நிறம். இவன் விடிய நாலரைக்குப் பிறகு ஒரு சொட்டுக் குடிக்காம, இந்த வெயிலில, இந்தத் தூசில தொங்குறவன். இவன்டது தண்ணிபோல் இரிக்க ஏலுமா? பதினெட்டில பதினொரு பேர் எங்கட ஆக்கள். இவங்க போத்தலைத் தொடவே இல்லை.”

பாக்கியரத்தினம் சாவியைத் திருப்பாமல் இருந்தார். மூன்று வருடத்தில் முதல்தடவையாக அவர் அபூதாஹிரின் தோளைத் தட்டினார்.

“எறும்பு படிச்ச எறும்பெண்டால், நீர் அதுக்கு வாத்தியார்.”

“அப்ப யோகலிங்கம்தானே?”

“பதினெட்டு வெறும் போத்தல் என்ன பாரம் இருக்கும், தாஹிர்?”

“ஒரு கையால தூக்கலாம்.”

“காலமை ஏழரைக்கு ரெண்டு பேர் தூக்கினது.”

“அப்ப போத்தல் நிரம்பித்தான் வந்திரிக்கு,” என்றார் அபூதாஹிர். கார் உட்துறைமுக வீதிக்குத் திரும்பும்வரை அவர் ஒரு பகிடியும் விடவில்லை.

பேராசிரியர் அவர்களை வாசலிலேயே எதிர்பார்த்து நின்றார். பாக்கியரத்தினம் நேரே பின்னறைக்குப் போனார்.

“சீனி பாக்கிற கம்பி இப்பவும் வேலை செய்யுமோ?”

“செய்யும். ஆனா அதுக்குப் பூசுற நொதி லண்டனில இருந்து ஒரு சிநேகிதி தபாலில அனுப்பினது. இறக்குமதிக்கு இப்ப வழியில்லை. கடைசிக் குப்பி.”

“எத்தனை போத்தலுக்குக் காணும்?”

“மூண்டு, நாலு.”

“நாலு போதும். எது எண்டு நீங்களே எடுங்கோ. இந்த வருசத்துப் பெட்டியில.”

பேராசிரியர் மேசைக்குப் போனார். மெல்லிய பிளாட்டினக் கம்பியின் நுனியில் குப்பியிலிருந்த கடைசிப் பூச்சைத் தடவினார். முதல் போத்தலிலிருந்து ஒரு துளி. அளவுமானியின் ஊசி ஒரு கணம் நின்றது. பிறகு எழுந்து அளவுகோலின் விளிம்பில் முட்டி நின்றது. துளியை ஐந்து மடங்கு நீர்விட்டுக் கலக்கித் திரும்ப வைத்தார். குறித்துக்கொண்டார். இரண்டாவது போத்தல். மூன்றாவது. நான்காவது. எழுதிய நான்கு எண்களையும் பார்த்துவிட்டுப் பென்சிலை வைத்தார்.

“நாலும் ஒண்டு,” என்றார். “நாலு பேரில்லை. இது ஒராள்.” பிறகு, குரல் மாறி, “இவ்வளவு சீனியோட ஒராள் நடமாட ஏலாது. ஆர் இது? இந்த ஆள் செத்துப்போவார்.”

கதவடியில் ஒரு கண்ணாடிக் குவளை நிலத்தில் விழுந்து உடைந்தது.

தம்பிராசா நின்றிருந்தார். அவர் காலடியில் தண்ணீர் பரவியது.

“நான்தான் மிஸ்,” என்றார்.

பாக்கியரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். பேராசிரியர் எழுந்து தம்பிராசாவிடம் போனார். ஏன் செய்தீர்கள் என்று கேட்பார் என்றே அபூதாஹிர் நினைத்தார்.

“எப்பயிருந்து இப்பிடித் தாகம்?” என்று கேட்டார் அவர்.

“சித்திரையில இருந்து.”

“கண்?”

“எழுத்துக் கொஞ்சம் மங்கல். வயசு எண்டு நினைச்சனான்.”

“உடம்பு இப்பிடி இளைச்சிருக்கு. நான் ஒவ்வொரு நாளும் உங்களைப் பாக்கிறன். பத்தொன்பது வருசமா மற்றவையின்ர உடம்புக்குள்ள என்ன இருக்கெண்டு பாக்க மெசின் கட்டினனான். உங்களைப் பாக்கேல்ல.”

அவரைக் கதிரையில் இருத்தினார்கள். தம்பிராசா பேசத் தொடங்கியபோது முகத்தைப் பார்க்காமல் தரையிலிருந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“போன வருசம் இருபத்தாறு பேருக்கு ஈயம் இருந்தது. நீங்க பேர் லிஸ்ட் எழுதி உறைக்குள்ள வைச்சு ஒட்டித் தந்தியள். மேல இருக்கிற எட்டுப் பேருக்கு உடன வைத்தியம் வேணும், மனேஜரின்ர கையில குடுங்கோ எண்டியள். நான் ஓட்டமா ஓடிக் கொண்டுபோய்க் குடுத்தனான். நல்லது நடக்கப்போகுது எண்டுதான் ஓடினது. அடுத்த கிழமை அந்த எட்டுப் பேரையும் கேற்றுக்கு வெளியில விட்டிட்டாங்கள். வருத்தக்காரன் வேலைக்கு வேண்டாமாம்.”

“எனக்குப் பட்டறையில இருந்து கடிதம் வந்தது,” என்றார் பேராசிரியர். “தேவையான நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது எண்டு. நான் அதை வைத்தியம் எண்டு வாசிச்சன்.”

“குறிஞ்சாக்கேணி ஜமால்தீன் அதில ஒராள். கை தூக்க ஏலாது. அவரைப் பாக்கப் போனனான். வாசலில நிண்டு அவரின்ர மனிசி சொன்னா, நீ கொண்டுபோன கடுதாசிதான் எங்கட சோத்தை எடுத்தது எண்டு. இந்த முறை திரும்பப் போத்தலோட போகச் சொன்னியள். மிச்சம் பதினெட்டுப் பேர், மிஸ். அவங்களும் கேற்றுக்கு வெளியில போனா? நான் வீட்டிலயே ரெண்டு நாள் ஒரு வாளியில சேத்து நிரப்பினனான். அவங்களிட்ட, ஆரும் கேட்டா ஓமெண்டு சொல்லுங்கோ எண்டு மட்டும் சொன்னனான்.”

“என்னட்டச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீங்க இந்த மெசினை உடைச்சிருப்பியள். உங்களை எனக்குத் தெரியும்.” அவர் முதல்தடவையாக நிமிர்ந்தார். “ஒண்டும் இல்லையெண்டு வந்தா, அவங்களுக்குச் சுகமாயிட்டுது எண்டு நினைப்பியள் எண்டு நினைச்சன். உங்களைக் கள்ளியெண்டு சொல்லுவாங்களெண்டு நான் நினைக்கேல்ல, மிஸ். அது சத்தியமா நினைக்கேல்ல.”

வெளியே பட்டறையின் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பாக்கியரத்தினம் தொண்டையைச் செருமினார்.

“என்ர வேலை முடிஞ்சுது, புரொபசர். அறிக்கையில என்ன எழுத? இவர் மாத்தினவர் எண்டு எழுதினா நீங்க தப்புவியள். ஆனா இவரின்ர வேலை போகும். பதினெட்டுப் பேர் பொய் சொன்னவங்கள் எண்டும் வரும். பட்டறைக்கு அது போதும்.”

“எழுதாதையுங்கோ. முதல் இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவம்.”

“திங்கட்கிழமை?”

“போத்தல் அந்த ஆக்களின்ரது இல்லை, கண்காணிக்காதது என்ர பிழை எண்டு நான் சொல்லுவன். கட்டுரை போனா போகட்டும்.”

அபூதாஹிர் இதுவரை சுவரில் சாய்ந்து நின்றவர், நிமிர்ந்தார்.

“மிஸ், ஈயம் உடம்பில எவ்வளவு காலம் நிக்கும்?”

“எலும்பில போய் இருக்கும். வருசக்கணக்கா.”

“அப்ப ஏன் பதினெட்டுப் பேருக்குப் பின்னால ஓடுறம்? பட்டறை இந்தப் பதினெட்டுப் பேரையும் வெருட்டலாம். அந்த எட்டுப் பேரை என்ன செய்றது? ஏற்கனவே துரத்தியாச்சு. ஒரே ஆளை ரெண்டு தரம் வேலையால நிப்பாட்ட ஏலாது.”

பாக்கியரத்தினம் அவரைத் திரும்பிப் பார்த்தார். பேராசிரியரும் பார்த்தார்.

“அவங்கள் என்ர முகத்தில முழிப்பாங்களோ?” என்றார் பேராசிரியர்.

அபூதாஹிர் குனிந்து தம்பிராசாவைக் கதிரையிலிருந்து எழுப்பினார்.

தம்பிராசாவை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுத்து மறித்துவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் ஆள் மயங்கி விழுந்திருப்பார், எழும்பியிருக்க மாட்டார் என்றார் டொக்டர். மனைவி கனகம்மா கட்டிலருகில் இருந்து இன்சுலின் ஊசி போடப் பழகிக்கொண்டார்.

ஞாயிறு காலை மொறிஸ் மைனர் கிண்ணியாத் துறையில் மிதவையில் ஏறி ஆற்றைக் கடந்தது. பழைய சகாக்கள் அபூதாஹிரிடம் டிக்கட்டுக்குக் காசு வாங்க மறுத்தார்கள். குறிஞ்சாக்கேணியில் களப்பு ஓரமாக ஒரு கிடுகு வீட்டின் முன்னால் கார் நின்றது.

ஜமால்தீனின் மனைவி நபீஸா வாசலில் வந்து நின்றார். பேராசிரியரை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. யார் என்று அபூதாஹிர் சொன்னதும் அவர் கதவின் இரு பக்கமும் கையை வைத்துக்கொண்டார்.

“என்னத்துக்கு வந்த நீங்க?”

“மன்னிப்புக் கேக்க,” என்றார் பேராசிரியர்.

“மன்னிப்பை வெச்சு நான் என்ன செய்ற? மூணு புள்ள. வலை கட்டினாலும் கட்டலாம் எண்டா அவருக்கு நூல் புடிக்கக் கை இல்லை. ஊர் ஊராப் போய் வருத்தம் இரிக்கெண்டு எழுதுற உங்களுக்கு, எழுதினா அடுத்த நாள் என்ன நடக்குமெண்டு தெரியாதா? இவ்வளவு படிச்சிரிக்கீங்க.”

“தெரியாமல் இருந்தது என்ர பிழை. அதைத்தான் சொல்ல வந்தனான். நான் நாளைக்கு ஒரு விசாரணைக்குப் போறன். அதில எனக்கு என்ன நடந்தாலும், பட்டறையில ஈயம் இருக்கெண்டு ஆராவது நிரூபிக்கோணும். உள்ளுக்கு இன்னும் பதினெட்டுப் பேர் சுரண்டுறாங்கள். ஜமால்தீன் ஒரு போத்தல் தந்தா, நான் அதை இலக்கம் போட்டு மட்டும் வைப்பன். பேர் எங்கயும் வராது. இனி ஒருத்தரின்ர பேரும் என்ர கையால ஒரு கந்தோருக்கும் போகாது.”

உள்ளே பாயிலிருந்து இருமல் சத்தம் வந்தது. ஜமால்தீன் எழுந்து வந்து மனைவியின் பின்னால் நின்றார். முப்பத்தைந்து வயதுக்கு மேலிராது. இரண்டு கையும் மணிக்கட்டில் மடிந்து தொங்கின.

“இலக்கம் வேணாம்,” என்றார்.

“என்ன?”

“இலக்கம் போட்டா நாளைக்கு அவன் சொல்லுவான், அப்பிடி ஒராளே இல்லையெண்டு. பேர் எழுதுங்க. வாப்பாட பேர், ஊர், எத்தனை வருசம் சுரண்டினன், எல்லாம் எழுதுங்க. பேர் எழுதித்தானே என்னைத் துரத்தின? அதே பேரோட நான் வாறன். போத்தலில இல்லை, ஆளா வாறன்.”

நபீஸா திரும்பி அவரைப் பார்த்தார். கதவில் வைத்திருந்த கைகளை எடுத்தார்.

அன்று மாலைக்குள் எட்டில் ஐந்து பேர் வர ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் பேராசிரியர் பேசி முடிக்குமுன் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் வைகாசியில் இறந்துபோயிருந்தார்.

திங்கட்கிழமை மத்தியானம், மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஒரு நீண்ட அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேராசிரியர்கள், ஓரமாகப் பட்டறையின் வக்கீல். புஸ்பராணி எழுந்து நின்று, இந்த வருடப் போத்தல்கள் தொழிலாளருடையவை அல்ல என்றும், அவற்றைத் தன் கண்முன்னால் எடுக்காதது தன் தவறு என்றும் சொன்னார். போன வருடம் பேர்ப் பட்டியலைப் பட்டறைக்குக் கொடுத்ததையும் சொன்னார். எட்டுப் பேருக்கு என்ன நடந்தது என்றும் சொன்னார். அதை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

வக்கீல் புன்னகைத்தார். “பேராசிரியரே ஒத்துக்கொள்கிறார். மாதிரிகள் போலி. அப்படியானால் போன வருட மாதிரிகள் மட்டும் எப்படி அசலாகும்?”

“போன வருட ஆட்கள் ஐந்து பேர் வெளியில் இருக்கிறார்கள்,” என்றார் புஸ்பராணி.

முதலில் ஜமால்தீன் உள்ளே வந்தார். விசாரணைத் தலைவர் அவரை இருக்கச் சொல்லி, வழக்கம்போல வருகைப் பதிவேட்டைத் திருப்பி வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

ஜமால்தீன் வலது கையை நீட்டினார். மணிக்கட்டு நிமிரவில்லை. இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்து மறுபடி நீட்டினார். விரல்களுக்கிடையில் பேனா ஒரு கணம் நின்று, உருண்டு, மேசையில் மை தெறிக்க விழுந்தது. வக்கீல் தன் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, ஜமால்தீனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். பேனாவைத் தானே எடுத்துக்கொண்டார்.

“பேரைச் சொல்லுங்கள்,” என்றார். “நான் எழுதுகிறேன்.”